இஞ்சித் தண்ணீரும் எமது தீவகக் கிணறுகளும்

மாசி மாதத்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு சென்ற நாம், அங்கே ஒரு வீட்டு விறாந்தையில் சற்று இளைப்பாறினோம். கடற்பயணத்தில் எமது வயிறு படும் பாட்டை முகத்திலேயே கண்டுகொண்ட அவ்வீட்டு மூதாட்டி, நாம் கேளாமலே ஒரு செம்பில் ஆவி பறக்க இஞ்சித் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். "குடியுங்கோ சுவாமி, பிரட்டல் நிண்டிடும்" என்றார்.

குடித்தோம், பிரட்டலும் அடங்கியது. ஆனால் இஞ்சியின் உறைப்புக்கு அடியில் நாக்கில் ஏதோ கரித்தது. கேட்டபோது, "தண்ணி கொஞ்சம் சவர்தான். இஞ்சி போட்டால் அது தெரியாது. அதுதான் நான் நாள் முழுக்க இதையே குடிக்கிறனான்" என்று சொல்லிச் சிரித்தார். பேச்சின் நடுவே, தாம் பல ஆண்டுகளாகப் பிறசருக்குக் குளிசை எடுப்பதாகவும் கூறினார்.

அந்த ஒரு செம்புத் தண்ணீரே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. இஞ்சித் தண்ணீர் நல்லது; செலவு குறைந்தது; எவரும் வீட்டில் செய்யக்கூடியது. ஆனால் எமது தீவகத்தில் அதைச் செய்பவர்கள் இஞ்சியைப் பற்றி மாத்திரம் அறிந்திருந்தால் போதாது. தண்ணீரைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

இஞ்சி எங்கிருந்து வருகின்றது?

இஞ்சி எமது தீவுகளின் பயிர் அன்று. மழையும் நிழலும் மிகுந்த மண்ணையே அது விரும்பும். குருநாகல், கம்பஹா, கேகாலை போன்ற தென்னிலங்கை மாவட்டங்களிலேயே அது பெருமளவில் பயிராகின்றது. சிங்கள மக்கள் அதனை இங்குரு என்பர். தமிழில் இஞ்சிவேர் என வழங்கியதே பாளியில் சிங்கிவேர என்றும், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சிஞ்சிபர் என்ற சாயலிலும் மாறி, ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. சரக்குகள் கடல்வழி வந்து போவது எமக்குப் புதியதன்று. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டே, ஊறாத்துறைக்கு வரும் வணிகக் கப்பல்களைப் பற்றிப் பேசுகின்றது. அந்த ஊறாத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

இஞ்சிக்கு உறைப்பைக் கொடுப்பது ஜிஞ்சரோல் எனப்படும் பொருள். இஞ்சியைக் காய வைத்து வேர்க்கொம்பு ஆக்கும்போது, ஜிஞ்சரோலின் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகோல் என்னும் வேறொரு பொருளாக மாறுகின்றது. இது ஜிஞ்சரோலிலும் பார்க்கக் காரமானது. ஆகவேதான் பச்சை இஞ்சியின் உறைப்பு ஒரு விதமாகவும், வேர்க்கொம்பின் உறைப்பு தொண்டையில் நின்று எரிக்கும் வேறொரு விதமாகவும் இருக்கின்றன. பச்சை இஞ்சியின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு அளவில் தண்ணீரே. எனவே வேர்க்கொம்பைப் பாவிக்கும்போது மிகச் சிறிய துண்டே போதும்.

இஞ்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வயிற்றுப் பிரட்டலுக்கு இஞ்சி உதவும் என்ற எமது முன்னோரின் அனுபவத்தை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், கொந்தளிக்கும் கடலுக்குப் பழக்கப்படாத டென்மார்க் கடற்படைப் பயிற்சியாளர் 80 பேரில் ஒரு பகுதியினருக்கு 1 கிராம் இஞ்சித் தூளும், மற்றையோருக்கு மருந்தில்லாத வெறுந்தூளும் கொடுக்கப்பட்டன. இஞ்சி எடுத்தவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்திருந்தன. கர்ப்பிணித் தாய்மாரின் காலைநேரக் குமட்டலுக்கும் அது ஓரளவு உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தடிமன் காலத்தில் சூடாகக் குடிக்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கும். உடலுக்கு வேண்டிய நீரும் சேரும்.

ஆனால் இரண்டு விடயங்களில் நாம் ஏமாறக்கூடாது.

முதலாவது, இஞ்சி தண்ணீரைச் சுத்திகரிக்காது. "இஞ்சி போட்டால் கிருமி சாகும்" என்று சொல்லிப் பச்சைத் தண்ணீரில் இஞ்சியை நறுக்கிப் போட்டு, இரவு ஊற வைத்துக் காலையில் குடிப்போர் உள்ளனர். நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கண்மாரி ஆகியவற்றின் கிருமிகளை இஞ்சித் துண்டு கொல்வதில்லை. கொல்வது கொதிப்பே. எமது நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மழை காலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு, மண்ணால் வடிகட்டப்படாமல் அவ்வெடிப்புகளினூடாக விரைவாகக் கிணற்றை அடையக்கூடும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதை வைத்து அது சுத்தமானது என்று முடிவு கட்டிவிட முடியாது.

இரண்டாவது, இஞ்சி தண்ணீரின் உப்பை நீக்காது, மறைக்கும். எமது தீவகத்தில் இதுவே பெரிய ஆபத்து.

கிணற்றின் அடியில் நடப்பது என்ன?

தீவொன்றில் பெய்யும் மழை நிலத்தினுள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் பொதுவான கணக்கு. இதை மறுபுறமாகப் பாருங்கள். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறத் தலைப்படும். மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்கும் கிணறு சவராவதற்கு இதுவே காரணம். எமது சிறிய தீவுகளில் இவ்வில்லை மிக மெல்லியது. வேலணையின் சாட்டிப் பகுதியைப் போல மணற்பாங்கான சில இடங்களில் மாத்திரமே நல்ல தண்ணீர் தாராளமாக ஊறுகின்றது.

1990 ஆகஸ்டின் பின்னர் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் கிணறுகள் பல, இறைப்பாரின்றிக் கிடந்தன. மீண்டு வந்தவர்கள் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்த பின்பும், "முந்தின தண்ணி இல்லை" என்று கவலைப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம்.

இன்று சில மாற்றங்கள் உண்டு. நெடுந்தீவிலும் வேறு சில இடங்களிலும் உவர்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் வந்துள்ளன. குடாநாட்டின் கிழக்குக் கரையில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எனினும் குழாயும் பவுசரும் எட்டாத வீடுகளில் கிணறே இன்னமும் துணை.

கொதிக்க வைத்தால் உப்புப் போகாதா?

இக்கேள்வியைப் பல தாய்மார் எம்மிடம் கேட்டிருக்கின்றனர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காட்டி, "இதுதானே உப்பு, இஞ்சையே தங்கிவிடுகுதே" என்பர். அது நாம் கரிப்பு என்று உணரும் உப்பு அன்று, சுண்ணாம்பு. கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பின் ஒரு பகுதி பிரிந்து படிகின்றது. கறியுப்போ தண்ணீரிலேயே நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சிய தண்ணீரில் கரிப்பு ஏறுமேயன்றிக் குறையாது. உரத்தினாலும் கழிவினாலும் கிணற்றில் சேரும் நைத்திரேற்றும் அப்படியே.

இப்போது எமது பழைய குடிநீர் முறையை எண்ணிப் பாருங்கள். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுவது வழக்கம். நல்ல தண்ணீரில் இதனால் தீங்கில்லை. ஒரு லீற்றரில் 1 கிராம் உப்புள்ள சவர்த் தண்ணீரை எடுத்தால் என்ன நடக்கும்? 200 மில்லிலீற்றர் பிடிக்கும் தம்ளரால் எட்டுத் தம்ளர் என்பது 1.6 லீற்றர். அதில் 1.6 கிராம் உப்பு உண்டு. வற்றிய பின் அந்த 1.6 கிராமும் ஒரே தம்ளரில் நிற்கின்றது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் உப்பு 5 கிராமிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கறியும் கருவாடும் கணக்கில் வராமலே, ஒரு தம்ளர் குடிநீரில் போய்விடுகின்றது. அது கரிக்கத்தான் செய்யும். ஆனால் காரமும் பனங்கட்டியும் சேரும்போது, மருந்தின் சுவை இப்படித்தான் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றோம்.

அந்த நெடுந்தீவு மூதாட்டியின் கதையும் இதுவே. ஒரு பக்கத்தில் பிறசருக்குக் குளிசை. மறுபக்கத்தில் நாள் முழுக்க உப்பு. நாக்கு "இது கரிக்குது" என்று கொடுத்த எச்சரிக்கையை இஞ்சி வாயடைத்துவிட்டது. அவர் செய்ததில் அறியாமை என்று இகழ எதுவுமில்லை. குடிக்க முடியாத தண்ணீரைக் குடிக்கக்கூடியதாக்க, கையில் இருந்த ஒன்றைக் கொண்டு வழி கண்டார். வேறு நல்ல தண்ணீரை அவருக்குக் காட்டிக் கொடுப்பதே அயலவரான எமது கடமை.

ஆகவே, முதலில் தண்ணீர்

இஞ்சியைத் தொடுமுன் தண்ணீரை வெறுமையாக, ஆற வைத்துச் சுவைத்துப் பாருங்கள். கரித்தால் அத்தண்ணீர் குளிக்கவும் கழுவவும் ஆகட்டும். குடிப்பதற்கு வேறு தண்ணீர் எடுப்போம். இன்னொரு சிறு சோதனையும் செய்யலாம். ஒரே மாதிரியான இரண்டு தட்டங்களில், ஒன்றில் அரைக் கோப்பை கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் அரைக் கோப்பை மழைத் தண்ணீரும் ஊற்றி, தூசி படாமல் வெயிலில் வற்ற விடுங்கள். எஞ்சும் வெண்படிவை ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சரியான அளவை அறிய வேண்டுமாயின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவோ தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஊடாகவோ தண்ணீரைப் பரிசோதிக்க முயலலாம். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் காரியம் இலகுவாகும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை எமக்குக் கிடைக்கும் மழை உப்பற்ற தண்ணீர். 20 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் வந்து விழும். சிந்துவது போக 400 லீற்றராவது பிடிக்கலாம். பருவத்தின் முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, அதன்பின் வருவதைத் துணியால் வடித்து, மூடியுள்ள தாங்கியில் சேர்க்க வேண்டும். மூடாவிட்டால் நுளம்பு பெருகும். பனையோலைக் கூரைத் தண்ணீர் நிறமேறி வருவதால் குடிக்க உகந்ததன்று. மழைத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

செய்யும் முறை

நால்வருக்கு வேண்டியவை: நல்ல தண்ணீர் 1 லீற்றர், பெருவிரலின் முதற் கணு அளவு பச்சை இஞ்சி, ஏறக்குறைய 10 கிராம். விரும்பினால் ஒரு பாதித் தேசிக்காய், ஒரு சிறு துண்டு பனங்கட்டி.

1. இஞ்சியை மண் போகக் கழுவி, கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டி எடுங்கள். கணுக்களின் இடுக்கில் மண் ஒளிந்திருக்கும். அவ்விடத்தை உடைத்துக் கழுவுங்கள். பூஞ்சணம் பிடித்த துண்டை வெட்டித் திருத்தாமல் முழுவதுமாக எறிந்துவிடுங்கள்.

2. மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். அல்லது அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். அரைக்க வேண்டாம், அரைத்தால் தண்ணீர் கலங்கும்.

3. தண்ணீரை மூடிக் கொதிக்க வையுங்கள். நன்றாகக் குமுறிக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது அப்படியே கொதிக்க வேண்டும். கிருமிகளை அழிக்க அது போதும்.

4. இஞ்சியைப் போட்டு, நெருப்பைக் குறைத்து, மூடியபடி 10 நிமிடம் வையுங்கள். மூடினால் வாசம் போகாது, தண்ணீர் வற்றாது, விறகும் மிச்சம். இறக்கி மேலும் 10 நிமிடம் மூடி வைத்து வடியுங்கள்.

5. தேசிக்காய்ப் புளியைத் தண்ணீர் சற்று ஆறிய பின்னரே விடுங்கள். கொதியில் விட்டால் கைக்கும்.

6. சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து அன்றைக்கே குடித்து முடியுங்கள். கையையோ குடித்த தம்ளரையோ உள்ளே விடாது, ஊற்றியே எடுங்கள். கொதித்த தண்ணீரிலும் கை பட்டால் மீண்டும் கிருமி சேரும்.

பச்சை இஞ்சி இல்லாவிடின், 2 கிராம் அளவு வேர்க்கொம்பைத் தோல் நீக்கி இடித்துப் போட்டு, 15 நிமிடம் மூடி அவியுங்கள். மல்லி சேர்ப்பதாயின் இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இலேசாக வறுத்துப் போடலாம். எட்டில் ஒன்றாக வற்ற வைக்க வேண்டியதில்லை. வேண்டிய உறைப்பும் வாசமும் மூடி அவிப்பதிலேயே இறங்கிவிடும்.

சீனியைப் பற்றியும் ஒரு சொல். கடையில் வாங்கும் இனிப்புப் பானத்தின் 100 மில்லிலீற்றரில் 10 கிராம் அளவில் சீனி இருப்பது சாதாரணம். வீட்டுப் பானத்திற்கும் அதே அளவு சீனி போட்டால் நாம் பெற்ற பயன் என்ன? சீனி வியாதியுள்ளவர்களுக்குப் பனங்கட்டியும் சீனியே.

யார் கவனமாயிருக்க வேண்டும்?

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இஞ்சித் தண்ணீர் மாத்திரமன்றி வேறெந்தத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் போதும். உரைமருந்தில் வேர்க்கொம்பை உரைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ளவர்கள், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டே எதையும் செய்யட்டும். நைத்திரேற்றுக் கூடிய தண்ணீர் பச்சைக் குழந்தையின் இரத்தத்தைப் பாதித்து உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடியது என்பதையும் மறவாதீர்கள்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், நெஞ்செரிவும் குடற்புண்ணும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே பழக்கமாகக் குடிக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஏனையோருக்கும் நாளொன்றுக்கு 4 கிராமளவு பச்சை இஞ்சிக்கு மேல் தேவையில்லை.

வயிற்றோட்டத்திற்கு இஞ்சித் தண்ணீர் மருந்தன்று. அதற்கு வேண்டியது ஜீவனி. ஒரு பக்கற்றை, அதில் குறிப்பிட்ட அளவான, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இங்கேயும் சவர்த் தண்ணீர் ஆகாது. அளந்து போட்ட உப்போடு கிணற்றின் உப்பும் சேர்ந்தால் குழந்தைக்கு ஆபத்தாகும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு போத்தல் நல்ல தண்ணீர் இத்தேவைக்கென எப்போதும் இருப்பது நன்று. பெருங்கடல் குமுறிப் படகு ஓடாத நாளில் அதன் அருமை தெரியும்.

வளவில் ஒரு சாக்கு இஞ்சி

2024இல் எமது நாட்டில் பச்சை இஞ்சி கிலோ 3,000 ரூபாவையும் தாண்டி விற்ற நாட்கள் இருந்தன. தோட்டமாகச் செய்ய எமது மண்ணும் தண்ணீரும் இடங்கொடா. எனினும் வீட்டுத் தேவைக்கு இரண்டு மூன்று சாக்குகளில் நடலாம். ஒன்றிரண்டு முளைக்கண் உள்ள 30 கிராமளவுத் துண்டுகளை, மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த சாக்கில் இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். மரநிழல் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் கிழங்கு அழுகும். சவர்த் தண்ணீரை இஞ்சி தாங்காது. சேமித்த மழைத் தண்ணீரையோ, நல்ல தண்ணீரில் அரிசி கழுவிய கழுநீரையோ ஊற்றுங்கள். எட்டு முதல் பத்து மாதத்தில் இலை பழுத்துச் சாயும்போது கிண்டலாம். ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வைக்க மறவாதீர்கள்.

நாம் செய்யக்கூடியது

அடுத்த முறை நெடுந்தீவு சென்றபோது, அந்த மூதாட்டியின் குசினியில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது குடிக்கும் தண்ணீர். சுத்திகரித்த தண்ணீர் எடுக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பொடியன், தன் சைக்கிளில் அவருக்கும் ஒரு கலன் கொண்டு வந்து கொடுக்கின்றான். மற்றக் குடம் கழுவுவதற்கு. இஞ்சித் தண்ணீரும் தந்தார். இம்முறை இஞ்சி மாத்திரமே நாக்கில் நின்றது.

ஒவ்வொரு மாதர் சங்கமும் தனது அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊரின் கிணறுகளை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்து, குடிக்கத் தக்கவை எவை, தகாதவை எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். மாரியில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் அப்பட்டியலைத் திருத்துங்கள். தண்ணீர் சுமக்க முடியாத முதியோர் எந்தெந்த வீட்டில் தனித்து இருக்கின்றனர், அவர்களுக்கு யார் கொண்டு போய்க் கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் முடியும்போது, நல்ல கிணற்றுத் தண்ணீரில் இஞ்சி போட்டு ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்துவிட்டுக் கலையுங்கள்.